சிப் ஒன்று செய்கிறது, கையேடு வேறொன்று சொல்கிறது

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அதே மாதத் தேதியிட்ட 205 பக்க பிடிஎஃப் ஒன்றை, அதிலிருக்கும் பிசிஎம்2835 சிப்புக்காக பிராட்காம் நிறுவனம் வெளியிட்டிருந்தது. லினக்ஸ் இல்லாமல் வெறும் சிப்போடு நேரடியாகப் பேசும் நிரல் எழுத ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் போய் நின்ற இடம் அந்த பிடிஎஃப்தான்.

இந்த வேலையில் முதலில் உயிர்ப்பிப்பது சீரியல் போர்ட்டை, அதாவது பிட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் அனுப்பும் இணைப்பை. திரை, நெட்வொர்க் எல்லாம் அப்புறம். கம்பி வழியாக ஒரு எழுத்தாவது வெளியே வந்தால்தான், நாம் எழுதிய கோடு, அதாவது நிரல், ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியும். பிசிஎம்2835-இல் இதற்கு மினி யுஆர்ட் என்றொரு பகுதி உண்டு. சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் எனப்படும் சின்ன நினைவிடங்களில் குறிப்பிட்ட பிட்டுகளை 0 அல்லது 1 ஆக்குவதுதான் அதனுடன் பேசும் மொழி. எட்டு பிட் முறை வேண்டுமென்றால் லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் கடைசி பிட்டை 1 ஆக்கு என்கிறது கையேடு. பக்கத்து பிட்டுகளில் சிலவற்றுக்குப் பழைய பிசிகளில் இருந்த 16550 வகை யுஆர்ட்டில் வேலை உண்டு, இங்கே அவை பொருட்டில்லை என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. அப்படியே எழுதினால் ஏழு பிட்தான் போகும், மறுமுனையில் குப்பை எழுத்துகள் வரும். வேகக் கணக்கு தப்போ, கேபிள் சரியில்லையோ என்று ஆள் அலைவார். உண்மையில் கடைசி இரண்டு பிட்டையும் 1 ஆக்க வேண்டும், அதாவது ரெஜிஸ்டரில் 3 என்று எழுத வேண்டும். சரி, அதைக் கண்டுபிடித்துத் தாண்டினால், தரவு வந்ததும் இன்டரப்ட் (பிராசசரை இடைமறிக்கும் சமிக்ஞை) கொடு, அனுப்பி முடித்ததும் இன்டரப்ட் கொடு என்று சொல்லும் இரண்டு பிட்டுகள் அதே கையேட்டில் இடம் மாறி அச்சாகியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சரியான விடை 1981-லேயே அச்சில் வந்துவிட்டது. முதல் ஐபிஎம் பிசியில் சீரியல் வேலையைப் பார்த்தது 8250 என்ற சிப். 16550 அதன் வாரிசு. அந்தக் கணினிக்கு ஐபிஎம் வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டில் சர்க்யூட் படங்கள் இருந்தன, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் அசெம்பிளி மூலக்கோடு முழுவதுமாக இருந்தது, 8250-இன் ஒவ்வொரு ரெஜிஸ்டரும் பிட் பிட்டாக விளக்கப்பட்டிருந்தது. எட்டு பிட்டுக்குக் கடைசி இரண்டு பிட்டும் 1. தரவு வரும் இன்டரப்ட் கடைசி பிட், அனுப்பும் இன்டரப்ட் அதற்கு முந்தைய பிட். மினி யுஆர்ட்டும் அப்படியேதான் நடந்துகொள்கிறது. ஆக 2012-இன் புதுக் கையேட்டைவிட, முப்பது வருடப் பழைய இன்னொரு கணினியின் கையேடு இந்தச் சிப்பைச் சரியாக விவரித்தது. ஆர்வலர்கள் பிழைகளைத் தொகுத்து ஒரு விக்கிப் பக்கமாகவே போட்டார்கள். வெகுகாலத்துக்கு அந்த பிடிஎஃப்பை இந்தப் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது.

கீழ்மட்ட நிரலாளர்கள் ஆவணங்களைப் பற்றி அலுத்துக்கொள்ளும்போது, ஆவணம் இல்லை என்று அவர்கள் சொல்வதாக வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். இல்லாமல் என்ன, மலை மலையாக இருக்கிறது. சாதனங்களுக்குள் வைக்கும் சின்னக் கணினிச் சிப்பான எஸ்டிஎம்32எஃப்4 மைக்ரோகண்ட்ரோலரை எடுத்துக்கொண்டால், மின்சார அளவுகளுக்கு ஒரு டேட்டாஷீட், ரெஜிஸ்டர்களுக்கு 1,700 பக்கத்தைத் தாண்டும் ரெஃபரன்ஸ் மேனுவல், உள்ளே கட்டளைகளை இயக்கும் மையமான ஆர்ம் கோருக்குத் தனி புரோகிராமிங் மேனுவல், எர்ராட்டா எனப்படும் பிழைப்பட்டியல் தனி, அப்புறம் எண்ணிட்ட அப்ளிகேஷன் நோட்டுகள். என் பார்வையில் சிக்கல் பக்கக் கணக்கில் இல்லை. இந்தத் தாள்கள் சிப் எப்படி இருக்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள் என்பதைச் சொல்கின்றன. கையில் வந்த சிப் என்ன செய்கிறது என்பது வேறெங்கோ எழுதப்பட்டிருக்கிறது. அந்த 'வேறெங்கோ' எது என்று தேடுவதில்தான் பாதி வேலை நேரம் போகிறது. இன்றைய மென்பொருள் பழக்கங்கள் அந்தத் தேடலைச் சுருக்குவதற்குப் பதிலாக நீட்டுகின்றன.

ஏன் இப்படி? ஒரு காரணம், இன்றைய சிப்பை ஒரே நிறுவனம் முழுதாக வடிவமைப்பதில்லை. கோர் ஒருவரிடம், யுஎஸ்பி இன்னொருவரிடம், மெமரி கன்ட்ரோலர் வேறொருவரிடம் என்று உரிமம் வாங்கிச் சேர்க்கிறார்கள். வாங்கியவருக்குத் தன் சிப்பின் ஒரு மூலையை விளக்க உரிமையே இருக்காது. அதே பிசிஎம்2835 கையேட்டில் யுஎஸ்பி அத்தியாயம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அது சினாப்சிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, விவரத்துக்கு அவர்களுடைய ஆவணத்தைப் பாருங்கள் என்று கை காட்டிவிடும். அந்த முதல் போர்டில் ஈதர்நெட் சிப்பும் யுஎஸ்பி வழியாகத்தான் இணைக்கப்பட்டிருந்தது. அதனால் யுஎஸ்பி புரியாமல் நெட்வொர்க்கைத் தொட முடியாது. கடைசியில் லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்த டிரைவரின், அதாவது வன்பொருளை இயக்கும் நிரலின், மூலக்கோட்டைப் படித்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த டிரைவர்தான் ஆவணம்.

இன்னொரு காரணம் வேண்டுமென்றே மறைப்பது. 1993 மார்ச்சில் பெண்டியம் பிராசசர் வந்தபோது இன்டெலின் கையேட்டில் பின்னிணைப்பு எச் என்று ஒன்று இருந்தது. இருந்தது என்றால் தலைப்பு இருந்தது. அதைத் திறந்து பார்த்தால், இவை ரகசியத் தகவல்கள், வேண்டுவோர் இன்டெலைத் தொடர்பு கொள்ளவும் என்ற வகையில் சில வரிகள்தான். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் உள்ளடக்கம் கிடைக்கும். மறைக்கப்பட்டவை சில்லறை விஷயங்களும் இல்லை. நினைவகத்தை 4 கிலோபைட் துண்டுகளுக்குப் பதில் 4 மெகாபைட் துண்டுகளாக நிர்வகிக்கும் வசதி, பழைய டாஸ் நிரல்களைப் புதிய இயங்குதளத்துக்குள் வேகமாக ஓட்டும் வசதி என்று இயங்குதளம் எழுதுகிறவருக்கு நேரடியாகத் தேவைப்படுபவை. ஆனால் கையேட்டின் மற்றப் பக்கங்களில் ஆங்காங்கே 'பின்னிணைப்பு எச் காண்க' என்ற குறிப்பு இருந்தது. ரெஜிஸ்டர் படங்களில் அந்த பிட்டுகளின் பெயர்களும் இருந்தன. பூட்டிய அறைக்கு இத்தனை வழிகாட்டிப் பலகைகள் வைத்தால் ஆள் விடுவாரா? செயல்திறனை எண்ணும் உள் கவுண்டர்களைத் தோண்டியெடுத்து, நார்வேயைச் சேர்ந்த தெர்யே மாத்திசன் பைட் என்ற கணினி இதழின் 1994 ஜூலைப் பதிப்பில் எழுதினார். ராபர்ட் காலின்ஸ் என்ற அமெரிக்கர் பின்னிணைப்பின் மற்ற மர்மங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளியிட்டார். பெண்டியம் ப்ரோ காலத்துக் கையேடுகளில் இவை சாதாரணமாக அச்சாகின. மறைத்து வைத்த காலத்தில் போட்டியாளர்களை அது எவ்வளவு தடுத்தது என்பது விவாதத்துக்குரியது. கையெழுத்துப் போட முடியாத நிலையிலிருந்த, அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த லினக்ஸ் போன்ற திறந்த திட்டங்களை நிச்சயம் தடுத்தது.

அதே பெண்டியம்தான் இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொடுத்தது. வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, பகா எண் கணக்குகளில் விடை ஒத்துவராததைத் துரத்திப் போய், பிழை தன் நிரலில் இல்லை, வகுத்தலைச் செய்யும் சிப்பிலேயே இருக்கிறது என்று 1994 அக்டோபரில் மற்றவர்களுக்குத் தெரிவித்தார். வகுத்தலுக்குப் பயன்படும் உள் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் போயிருந்தன. இன்டெலுக்கு இது முன்பே தெரியும். சாதாரணப் பயனரைப் பாதிக்காது என்று நினைத்துப் பேசாமல் இருந்தது. விஷயம் வெளியே வந்து ஊர் சிரித்த பிறகு, கேட்பவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றித் தர ஒப்புக்கொண்டு, 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. பிராசசர்களின் எர்ராட்டாவைப் பொதுவில் வெளியிடும் வழக்கம் இதற்குப் பிறகுதான் வேரூன்றியது. இன்று பல பெரிய பிராசசர்களின் எர்ராட்டா பட்டியலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், ஒரு சிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது டேட்டாஷீட்டின் முதல் பக்கத்துக்கு முன்பு எர்ராட்டாவைத்தான் படிக்க வேண்டும். முதல் பக்கம் விளம்பரம். எர்ராட்டா வாக்குமூலம்.

எர்ராட்டா பொதுவில் இருந்தும், அது எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதற்கு மேலே சொன்ன எஸ்டிஎம்32எஃப்4 நல்ல உதாரணம். மின்சாரம் மிச்சம் பிடிக்க, இந்தச் சிப்பில் ஒவ்வொரு பகுதியையும் ஓட வைக்கும் துடிப்பான கிளாக்கும் முதலில் அணைந்தே இருக்கும். பயன்படுத்தும் முன் ஆர்சிசி என்ற பகுதியில் ஒரு பிட்டை 1 ஆக்கிக் கிளாக்கைத் திறக்க வேண்டும். இது மேனுவலில் தெளிவாக இருக்கிறது. திறந்த கையோடு அடுத்த வரியிலேயே அந்தப் பகுதியின் ரெஜிஸ்டரில் எழுதினால், எழுதியது சில நேரம் காணாமல் போகும். கிளாக் உண்மையில் போய்ச் சேரச் சில சுழற்சிகள் ஆகும் என்பதும், நடுவே ஒரு தாமதம் வேண்டும் என்பதும் எர்ராட்டாவில் வரும் செய்தி. கோட்டைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரின் ஆப்டிமைசேஷன் (வேகமாக்கும் வேலை) குறைவாக இருந்தால் கோடு மந்தமாக ஓடும், பிழை தலைகாட்டாது. வெளியீட்டுக்காக ஆப்டிமைசேஷனைக் கூட்டும்போது இரண்டு கட்டளைகளும் நெருங்கிவரும், சாதனம் செத்துப்போகும். பிழை தேடும் கருவியான டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ரெஜிஸ்டர் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு வரிசையையும் நேரத்தையும் சொல்லாத மேனுவல், கல்யாணச் சாமான் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு முகூர்த்த நேரத்தைச் சொல்லாமல் விட்டது மாதிரி.

சிப்பைச் செய்யும் நிறுவனம் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது: ஹால் எனப்படும் லைப்ரரி, அதாவது தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு. அதில் கிளாக்கைத் திறக்கும் மேக்ரோவை (பெயரிட்ட கோட்டுத் துண்டை) பிரித்துப் பார்த்தால், பிட்டை 1 ஆக்கிய உடனே அதே ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்து ஒரு தற்காலிக மாறியில் போடும் வரி இருக்கும். அந்த மாறியை அதற்குப் பிறகு யாரும் தொடுவதில்லை. கிளாக் திறந்தபின் தாமதம் என்று மேலே ஒரு சின்னக் கமெண்ட். அவ்வளவுதான். லைப்ரரியைப் பயன்படுத்துகிறவருக்குப் பிரச்சினை வராது, உண்மை. ஆனால் எர்ராட்டாவின் எந்தப் பத்திக்காக அந்த வரி இருக்கிறது, எந்த ரகச் சிப்புகளுக்கு அது தேவை என்பதெல்லாம் அங்கே இல்லை. லைப்ரரி பெரிதாக இருக்கிறது, வேகம் போதவில்லை என்று சொந்தமாக எழுதப் புகுபவர் தேவையில்லாத வரி என்று அதைத்தான் முதலில் வெட்டுவார். சிப்பைப் பற்றிய அறிவு மேனுவலிலிருந்து எர்ராட்டாவுக்கும், எர்ராட்டாவிலிருந்து ஒரு மேக்ரோவின் வயிற்றுக்கும் போய்விட்டது.

நவீன வழக்கங்கள் என்று நான் குறை சொல்வது இந்த இடப்பெயர்ச்சியைத்தான். அடுக்குகள் தேவை, எல்லோரும் ரெஜிஸ்டரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று சொல்வது வீம்பு. ஆனால் ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்லும் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நடப்பது என்னவென்றால், மூலக்கோட்டிலிருந்து கருவியே உருவிக் கொடுக்கும் ஆவணம். யுஆர்ட்டைத் தொடங்கும் ஃபங்ஷனுக்கு 'யுஆர்ட்டைத் தொடங்குகிறது' என்று விளக்கம் இருக்கும். இதை இன்டரப்டுக்குள்ளிருந்து அழைக்கலாமா, எவ்வளவு நேரம் பிடித்துவைத்துக்கொள்ளும், பாதியில் தோற்றால் வன்பொருள் எந்த நிலையில் நிற்கும் என்று படிப்பவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்காது. ஹாலின் தாமத ஃபங்ஷன் சிஸ்டிக் என்ற உள் டைமரின் இன்டரப்டை நம்பி நேரத்தை எண்ணுகிறது. அதைவிடக் குறைவில்லாத முன்னுரிமையுள்ள இன்னொரு இன்டரப்டுக்குள் அழைத்தால் எண்ணிக்கை நகராது, நிரல் அங்கேயே நின்றுவிடும். இந்த எச்சரிக்கை எழுதப்படாமல் இல்லை. மூலக்கோப்புக்குள், ஒரு கமெண்டில் இருக்கிறது.

இதற்கு மேல் கோடு எழுதிக்கொடுக்கும் கருவிகள். எஸ்டிஎம்32-க்கான கியூப்எம்எக்ஸில் படத்தைப் பார்த்துப் பின்களைத் தேர்ந்தெடுத்தால் புராஜெக்டே தயாராகிவிடும். அது உருவாக்கும் கோப்புகளில் 'பயனர் கோடு தொடக்கம்', 'முடிவு' என்ற கமெண்டுகளுக்கு நடுவில் மட்டும் நாம் எழுதலாம். வெளியே எழுதியது, அடுத்த முறை கருவியை ஓட்டும்போது துடைக்கப்பட்டுவிடும். வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்குக்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. ஒரு மாதிரியை ஓட்டிக்காட்ட இந்தக் கருவி அருமையானது, மறுக்கவில்லை. பத்து வருடம் பராமரிக்க வேண்டிய ஃபர்ம்வேரில், அதாவது சாதனத்துக்குள் பதியும் மென்பொருளில், எந்தக் கருவிப் பதிப்பு எந்த வரியை ஏன் எழுதியது என்பது எங்கும் பதிவாவதில்லை.

வேலை செய்யும் மென்பொருளுக்கு விரிவான ஆவணத்தைவிட மதிப்பு அதிகம் என்று 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர், மென்பொருள் உருவாக்கும் முறை பற்றிய அஜைல் அறிக்கையில் எழுதினார்கள். ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையின் கடைசி வரியில் சொல்லியிருந்தார்கள். அந்த வரி மட்டும் பல அலுவலகங்களுக்குப் போய்ச் சேரவில்லை. இணையதள மென்பொருளில் அது பெரிய நஷ்டமில்லை. தவறு தெரிந்தால் மாலையே திருத்தி ஏற்றலாம். சிலிக்கானில் அச்சாகிவிட்ட தவறைத் திருத்தப் புது மாஸ்க், அதாவது சிப்பை அச்சிடும் அச்சுத்தகடு, வேண்டும், மாதங்கள் ஆகும். அதுவரை சிப்போடு வாழ்வதற்கு ஆவணம் ஒன்றுதான் வழி.

நன்றாகச் செய்யப்பட்ட இடங்களும் இருக்கின்றன. அவற்றையும் சொல்லாவிட்டால் இது வெறும் புலம்பலாகிவிடும். பிராட்காம் கையேட்டோடு பெயர் கெட்ட அதே ராஸ்பெர்ரி பை, 2021-இல் தன் சொந்தச் சிப்பான ஆர்பி2040-ஐ வெளியிட்டபோது கொடுத்த டேட்டாஷீட், மனிதர் மனிதருக்கு எழுதியதுபோல் இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் இது ஏன் இப்படி என்று விளக்கம், பக்கத்திலேயே ஓடக்கூடிய கோடு, கடைசியில் எர்ராட்டா, எல்லாம் ஒரே பிடிஎஃப்பில். 2024 ஆகஸ்டில் வந்த ஆர்பி2350-இல் பின்கள் 2.2 வோல்ட்டைச் சுற்றி மாட்டிக்கொண்டு கீழே இறங்க மறுக்கும் கோளாறு இருந்தது. இ9 என்று எண்ணிட்டு அதே டேட்டாஷீட்டில் சேர்த்தார்கள். முதலில் எழுதிய விளக்கம் கோளாறின் முழு அளவைச் சொல்லவில்லை. வெளியில் இருந்தவர்கள் அளந்து காட்டியதும் மாற்றி எழுதினார்கள். உள்ளிருக்கும் புல்டவுன் (பின்னைக் கீழே இழுக்கும் ரெசிஸ்டர்) போதாது, வெளியில் 8.2 கிலோ ஓமோ அதற்குக் குறைவாகவோ ரெசிஸ்டர் போடுங்கள் என்று நேராகச் சொன்னார்கள். 2025-இல் திருத்திய சிலிக்கான் வந்தது. கோளாறு இல்லாத சிப்பை நான் பார்த்ததில்லை. இப்படி எழுதிவைத்தால் அதோடு வேலை செய்யலாம்.

ஆர்ம் நிறுவனம் 2017-இல் தன் பிராசசர் விவரக்குறிப்பைக் கணினியே படிக்கக்கூடிய வடிவில் வெளியிட்டது. ஒரு கட்டளை என்ன செய்யும் என்ற விளக்கத்தை இயக்கிப் பார்த்துச் சோதிக்க முடிந்தால், பிட் இடம் மாறி அச்சாகும் வகைத் தவறு நுழைவது கடினம். லினக்ஸ் கெர்னலில் வன்பொருள் அமைப்பைச் சொல்லும் டிவைஸ் ட்ரீ விவரங்களை யாமல் என்ற உரை வடிவத்துக்கு மாற்றி வருவதும் இதே திசைதான். எழுதியது விதிக்குப் பொருந்துகிறதா என்று கருவியே பார்த்துவிடும். ஆக நவீனம் என்பதாலேயே மோசமில்லை. சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர்களுக்கு அடித்தளமான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் விவரக்குறிப்பில், விதிகளுக்கு நடுவே தனிப் பத்திகளில் இந்த முடிவை ஏன் எடுத்தோம், எதை ஏன் கைவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டளைத் தொகுப்பு திறந்தது என்பதால், அதை வைத்துச் செய்த சிப்பின் யுஎஸ்பியும் மெமரி கன்ட்ரோலரும் திறந்தவை ஆகிவிடாது. அங்கே பழைய கதைதான்.

கடைசியாக ஒரு நடைமுறைத் தொல்லை. சிப் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே இருக்கின்றன. ஃப்ரீஸ்கேல் 2015-இல் என்எக்ஸ்பியோடு சேர்ந்தது, அட்மெல் 2016-இல் மைக்ரோசிப்புக்குப் போனது, மேக்சிம் 2021-இல் அனலாக் டிவைசஸுக்குள் போனது. ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் இணையதளம் புதிதாகும், டிரைவர் கமெண்டுகளில் நாம் எழுதிவைத்த முகவரிகள் முகப்புப் பக்கத்தில் போய் முட்டி நிற்கும். ஆலையில் ஓடும் ஒரு கன்ட்ரோலருக்கு ஆயுள் பதினைந்து, இருபது வருடம். அதன் டேட்டாஷீட்டின் முகவரிக்கு அதில் பாதிகூட இருப்பதில்லை. அதனால் முகவரியை மட்டும் எழுதாமல், ஆவணத்தின் எண், திருத்தப் பதிப்பு, பத்தித் தலைப்பு மூன்றையும் கமெண்டில் எழுதுகிறேன். பிடிஎஃப்பையும் எர்ராட்டாவையும் சிப்பின் ரிவிஷன் எண்ணோடு சேர்த்து, கோடு இருக்கும் சர்வரிலேயே தனி ஃபோல்டரில் போட்டுவைக்கிறேன். புதுப் பதிப்பு வந்தால் பழையதை அழிப்பதில்லை. கடைசிப் பக்கங்களில் வரும் திருத்த வரலாற்றில் 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் இருந்தால், இரண்டு பிடிஎஃப்பையும் உரையாக மாற்றி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதே.